ஆன்சி நீக்கிய இரண்டு சொற்கள்

காளவாசல் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆன்சி பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தப்பு எங்கே என்று தெரியும்வரை விடாத குணம் அவரிடமிருந்து வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, நோயாளிகளின் படங்கள் இருக்கும் சர்வர் எழும்பவில்லை. திரையில் ஒரு சின்னம் மட்டும் நின்றது. அதன் கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். கீழக்குயில்குடியிலிருந்து சோணையம்மாள், மகன் கருத்தக்கண்ணனோடு, போன வருஷத்து ஸ்கேனை வாங்க வந்திருந்தாள். வயிற்றுக் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் பெனடிக்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார். முதலாளி டாக்டர் சத்தியசீலனின் தங்கை வீட்டுக்காரர் அவர்.

"ஏம்மா, எம்புட்டு நேரமா முழிக்கிற? ஒனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?"

ஆன்சி சர்வரை அணைத்து மறுபடி போட்டாள். எப்படித் துவங்க வேண்டும் என்று கேட்கும் முதல் பட்டியல் வந்ததும் அதை நிறுத்தி, துவக்கக் கட்டளை வரியைத் திறந்தாள். அதில் 'quiet splash' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. உள்ளே நடப்பதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டு என்று அர்த்தம். இரண்டையும் நீக்கிவிட்டு ஓடவிட்டாள்.

சின்னம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கின. ஒரு வரியில் வந்து நின்றன. படங்கள் இருக்கும் டிஸ்க்கை சர்வர் தேடியது. ஒன்றரை நிமிஷம் தேடிவிட்டு, இல்லை என்று எழுதியது.

ஆன்சி சர்வர் பெட்டியைத் திறந்தாள். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"சார், டிஸ்க்க யாரோ கழட்டிருக்காங்க."

பெனடிக்ட்டின் குரல் சட்டென்று இறங்கியது. "சனிக்கிழமை நான்தான் எடுத்தேன். மக கல்யாண வீடியோவுக்கு எடம் பத்தலன்னு வீடியோக்காரன் கேட்டான். அதுல பழைய படம்தானே கெடக்கு?"

"சார், எல்லாருடைய படமும் அதுலதான் இருக்கு. அழிச்சிட்டீங்களா?"

"அவன் அழிச்சிட்டுத்தான் ஏத்துனான்."

இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அவள் மூன்று முறை எழுதிக் கேட்டிருந்தாள். மூன்று முறையும் தள்ளிப் போட்டவர் டாக்டர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் திரைக்கு முன்னால் வந்து அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"புரியுது ஆன்சி. ஆனா வீட்டுல தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒன் கவனக்குறைவால அழிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. வேலைல வச்சுக்கிறேன்."

"எழுத மாட்டேன் டாக்டர்."

"அப்பக் கெளம்பு."

அவள் வெளியே வருவதற்குள் பெனடிக்ட் வரவேற்பறையில் சொல்லிவிட்டார்: "அந்தப் புள்ள பூராப் படத்தையும் அழிச்சிருச்சு." சோணையம்மாள் எழுந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என் உசுரு ஒனக்கு வெளையாட்டா தாயி? நீ நல்லா இருப்பியா?"

யாரும் தடுக்கவில்லை. ஆன்சி அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். காவலாளி கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் விட்டான்.

அதன்பின் எந்த ஸ்கேன் சென்டரும் அவளை எடுக்கவில்லை. எல்லா இடத்துக்கும் அந்தக் கதை முன்னாலேயே போயிருந்தது. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் அடிக்கச் சேர்ந்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கடை வாசலில் கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். மொட்டைத் தலையில் முடி முளைத்திருந்தது.

"புதுசா எடுத்த படத்த மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, மூணு மாசம் பாப்போம்னாங்க. அதுக்குள்ள பரவிருச்சு. அம்மா போயிருச்சு."

"அண்ணே, நான் அழிக்கல. பெனடிக்ட் சார்தான்..."

"அம்மா எழவுக்கு அவரு மாலை வாங்கிட்டு வந்தாரு," என்றான். "நீ வந்தியா?"