பாரா மலையில் ஓர் ஈஸ்டர் திங்கள்

எங்கள் ஊருக்கு மேற்கே மொட்டையாக ஒரு பாறைக் குன்று உண்டு. அதை மலை என்று சொன்னால் அதற்கும் மேற்கே நீலமாகத் தெரிகிற நிஜ மலைகளுக்குக் கோபம் வரும். ஆனாலும் எங்களுக்கு அதுதான் மலை; பெயர் பாரா மலை. யுத்த காலத்தில் ஜப்பான் விமானம் வருகிறதா என்று பார்க்க உச்சியில் சிப்பாய்களைப் பாராவாக, அதாவது காவலுக்கு, நிறுத்தியிருந்தார்களாம். அவர்கள் போய்ப் பல வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டு வருவது எங்கள் சபைக்காரர்களின் வழக்கம். எனக்கு எட்டு வயது நடந்த வருஷம், மதுரையிலிருந்து அப்பாவின் அக்காவும், அதாவது என் அத்தையும், மாமாவும் வந்திருந்தார்கள். பாரா மலைக்குப் போகலாம் என்றது மாமாதான். அவர் பள்ளிக்கூட டிரில் வாத்தியார். யுத்தத்தின்போது, குண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற படையில் இருந்தவர். அங்கே கொடுத்த விசிலை அவர் திருப்பிக் கொடுக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரும்போதுகூட அது கழுத்தில்தான் கிடக்கும்.

அப்பாவால் வர முடியவில்லை. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்படியொரு ஆபீஸில் அப்பா கம்பி மத்தாப்புப் பிரிவுக்குப் போர்மேன். அவசர ஆர்டர் என்று லீவு கிடைக்கவில்லை. "மேல நின்னு பாத்தா ஆபீஸ் தெரியும். எனக்குக் கையக் காட்டுங்க, என்ன?" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டார்.

அம்மா, அத்தை, மாமா, நான், இடுப்பில் உட்கார்ந்தே மலையேறிய என் தம்பி. பாறை சுடுவதற்குள் ஏறிவிட்டோம். மேலே, கூரை போன ஒரு கல் அறை இருந்தது. சைரன் நின்றிருந்த சிமெண்டு மேடையில் துருப்பிடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அறையின் சுவரில் யாரோ ஒரு சிப்பாய் ஆணியால் கப்பல் படம் கீறி வைத்திருந்தான். எங்கள் ஊரில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவன் ஊர் நினைப்பாக இருக்கும் என்றாள் அம்மா.

"விமானம் வந்துச்சா மாமா?"

"வரலை."

"ஒன்னுகூடவா வரலை?"

"ஒன்னுகூட வரலை."

இம்புட்டு உயரத்தில் ஆளைக் காவல் வைத்துவிட்டு வராமலே இருந்துவிட்ட ஜப்பான்காரர்கள்மேல் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. மாமா அதைக் கண்டுபிடித்து, கல் அடுக்கிய பதுங்குகுழியைக் காட்டினார். இடுப்பளவு ஆழம், உள்ளே ஆட்டுப் புழுக்கை. சத்தம் கேட்டதும் குழிக்குள் குப்புறப் படுக்க வேண்டும். வயிறு தரையில் படக்கூடாது, முழங்கையை ஊன்ற வேண்டும். காதில் விரல், பல்லுக்கு நடுவில் கைக்குட்டை. விசில் சத்தம் கேட்கும்வரை, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. கைக்குட்டை இல்லாததால் பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நான் பலமுறை விழுந்து எழுந்தேன். இவ்வளவு சுவாரசியமான பாடத்தை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மாமா சிரித்துக்கொண்டே பழைய கதை ஒன்றைச் சொன்னார். யுத்தத்தின்போது எங்கள் ஊருக்கு ஒத்திகை நடத்த வந்தாராம். சந்தைத் திடலில் குழி வெட்டி, ஜனங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, தெருக்கோடியில் பெரிய வெடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குழியில் இறங்கவில்லை. "எங்கிட்டு, எங்கிட்டு" என்று கேட்டுக்கொண்டே ஊரே சத்தம் வந்த பக்கம் ஓடியிருக்கிறது. மறுபடி சொல்லிக்கொடுத்து மறுபடி வெடி போட்டார்கள். மறுபடியும் அதே ஓட்டம்.

"நெசமா குண்டு விழுந்திருந்தா உங்க ஊர்ல ஒரு ஆளு மிஞ்சியிருக்காது தங்கச்சி" என்றார் மாமா.

அத்தை சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா தம்பிக்கு ஊட்டிக்கொண்டே, "எங்க ஊர்ச் சனம் அப்படித்தாண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. ஆபீஸ்களில் வெடி போட்டுச் சோதிக்கிற சத்தம் எங்களுக்குப் பழக்கம். அது படபடவென்று வந்து நின்றுவிடும். இது ஒற்றையாக, பாறைக்குள்ளிருந்து வந்தது மாதிரி இருந்தது.

நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். குழிக்குள் பாய்ந்து, முழங்கையை ஊன்றி, பாவாடையைக் கடித்தேன். காதில் விரல் இருந்தாலும் அம்மாவின் குரல் கேட்டது.

"எங்கிட்டு?" என்று பாறை விளிம்புக்கு ஓடினாள். உடனே, "இவுக ஆபீஸுண்ணே!" என்று அலறினாள்.

அடுத்த கணம் தம்பியை அத்தையின் மடியில் போட்டுவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டாள். அவள் இறங்கியதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. அவளுக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மச்சான்! மச்சான்!" என்று கத்தியபடி மாமா ஓடிக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில் குதித்தது. இனி எழுந்திரு என்று எனக்கு யார் ஊதுவார்கள் என்ற கவலை வந்துவிட்டது.

அத்தை குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "என் தம்பியக் காப்பாத்தும் ஆண்டவரே" என்று உரக்க ஜெபிக்க ஆரம்பித்தாள். அதனால் நடந்ததையெல்லாம் அங்கிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். குழியின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டால் சிப்பாய்கள் பார்த்த அத்தனையும் தெரிந்தது. ஆபீஸின் ஒரு மூலையில் புகை திரண்டு நின்றது. புளியமரச் சாலையில் அம்மாவும் மாமாவும் ஓடினார்கள். இன்னும் எத்தனையோ பேர் வயல்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் அதே பக்கமாக ஓடினார்கள். மாமா சொன்ன கதை கீழே நடப்பதுபோல இருந்தது. ஒருவர்கூடப் படுக்கவில்லை.

வறண்ட கண்மாய் வழியாக ஒரே ஒரு ஆள் எதிர்த்திசையில் ஓடி வந்தார். கருவேலங்கூட்டத்தில் மறைந்து மறைந்து தெரிந்தார். வெயிலில் அவர் உடம்பு வெள்ளியாகப் பளபளத்தது. சாலையில் அம்மா அந்தப் பக்கம் போக, கண்மாயில் அவர் இந்தப் பக்கம் வந்தார்.

"அத்தை, ஒரு வெள்ளி மனுசன் வாராக" என்றேன்.

அத்தை கண்ணைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் செய்தது ஜெபமா அழுகையா என்று எனக்குத் தெரியாது. வந்தது அப்பாதான். மத்தாப்பு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி அவர் மேலெல்லாம் படிந்திருந்தது. பக்கத்துப் பிரிவில் விபத்து நடந்ததும், தீ பரவும் என்று எல்லோரையும் பின்பக்க வேலி வழியாக வெளியே விரட்டியிருக்கிறார்கள். வெளியே வந்து நிமிர்ந்தால் எதிரே பாரா மலை. நாங்கள் மேலேயிருந்து பார்த்துப் பயந்துகொண்டிருப்போம் என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்.

"அம்மா எங்க?" என்றார், மூச்சு வாங்க.

"உங்க ஆபீஸுக்கு ஓடுச்சுப்பா. மாமாவும்தான். ரெண்டு பேரும் படுக்கவே இல்ல."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே இறங்கினார். அத்தை எங்கள் பின்னால் விழுந்தடித்துக்கொண்டு வந்தாள்.

ஆபீஸ் வாசலில் ஊரே நின்றது. மருந்து இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது கட்டளை. எல்லோரும் அறை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார்கள். ஓடும்போது யார் செருப்பைத் தேடுவார்கள்? வாட்ச்மேன் அவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே குவித்திருந்தார். தப்பித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் ஜோடியைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் செருப்பு. மாமா அவளருகே நின்று, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை முதலில் பார்த்தது மாமாதான். "தங்கச்சி" என்று எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

அம்மா நிமிர்ந்தாள். எழுந்து வந்து செருப்பை அப்பாவின் காலடியில் வீசினாள்.

"செருப்பக்கூடப் போடாம எங்க போய்ட்டு வாரீக?" என்று கத்தினாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் முகமெல்லாம் வெள்ளியாயிற்று. அது பழைய செருப்பு, ஒன்றில் வார் அறுந்துபோய்ச் சணல் கட்டியிருந்தது. அதற்காக ஒருத்தி நாலு பேர் பார்க்க இப்படி அழுவாளா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்து நாங்கள் புறப்படும்போது குவியல் கரைந்து, ஒரு ஜோடி மட்டும் மண்ணில் கிடந்தது. அப்பாவுடையதைவிட நல்ல செருப்பு.

நான் அம்மாவின் கையை இழுத்தேன். "அம்மா, யாரோ செருப்ப மறந்துட்டுப் போயிட்டாக" என்றேன்.