நின்றுகொண்டே எழுதிய புரோகிராம்

1987ஆம் ஆண்டு பெப்ரவரி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டு நாற்பது. தூறல். பனிமூட்டத்தில் தொழிற்சாலையின் கூரை மறைந்து புகைபோக்கி மட்டும் தெரிந்தது. மடுல்சீமைப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் அப்போதுதான் ஒரு லொறி மூன்று அட்டைப்பெட்டிகளை இறக்கியது. சம்பளக் கணக்குப் போடக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பரீட்சித்துப் பார்க்க எங்கள் தோட்டத்தைத் தெரிவு செய்திருந்தார்களாம்.

அந்த ஆபீசில் பெரிய கிளாக்கர் வைத்ததுதான் சட்டம். அவர் பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மற்ற நான்கு கிளாக்கர்மாரும் கதவோரமாக நின்று பார்த்தார்கள். பழகுவதற்கு யாராவது ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கொழும்புக்குப் போகவேண்டும் என்று லொறியோடு வந்தவர் சொன்னதும் நால்வருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"வயரு இருக்கு, பிளக்கு இருக்கு. அப்ப இது மெஷின்தானே" என்றார் பெரிய கிளாக்கர். "மெஷினப் பாக்க பெக்டரியில ஆளு இருக்கு. பிட்டரக் கூப்புடுங்க."

அந்த பிட்டர் நான். வயது நாற்பத்து மூன்று. இருபத்தொரு வருடமாகக் கொழுந்து அரைக்கும் ரோலரையும் உலர்த்தும் டிரையரையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவன். பதுளையில் எஸ்.எஸ்.சி. வரை படித்ததால் மெஷினோடு வரும் ஆங்கிலப் புத்தகங்களை வாசிக்கத் தெரியும். தோட்டத்தை நடத்தும் துரை என்னைப் பார்த்து, படித்துவிட்டு வந்தால் ஸ்டாப் ஆக்கிவிடலாம் என்றார். தோட்டத்தில் ஸ்டாப் என்றால் மாதச் சம்பளம், தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீடு. நான் கொழும்புக்குப் போனது இந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் என் வயதில் பாதிதான். முதல் கிழமை ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் கிழமை, மெஷின் தானாக ஒன்றும் செய்யாது, நான் சொன்னதைச் சொன்ன ஒழுங்கில் மட்டும்தான் செய்யும் என்பது பிடிபட்டது. ரோலரை அப்படி நம்ப முடியாது. நேற்று நன்றாக ஓடியது இன்று ஓடாது, ஏன் என்று அதற்கே தெரியாது. இங்கே பிழை என்றால் அது நான் எழுதிய வரியில்தான் இருக்கும்; தேடினால் அகப்படும்; கையில் கிரீஸ் படாது. ஆறாவது கிழமை முடிவில் என் நகங்கள் வெள்ளையாக இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு தெமோதரை வரை ரயிலில் வந்தேன்.

ஆபீசில் மூலையில் ஒரு மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். கதிரை இல்லை.

ஐந்து கிளாக்கருக்கு ஐந்து கதிரை. துரைக்கு உள் அறையில் ஒன்று, அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு. செக்ரோல் என்ற நாட்கூலிப் பதிவேட்டில் பேர் உள்ள தொழிலாளி ஜன்னலுக்கு வெளியே நின்று பேசவேண்டும். உள்ளே வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். என் பேர் இன்னும் செக்ரோலில் இருந்தது. கதிரை கேட்டேன்.

"ஒன்ன யாருப்பா ஒக்கார வேணாம்னா?" என்றார் பெரிய கிளாக்கர். "கதிர ஸ்டாப் கணக்குக்குத்தான் வரும். ஒனக்கு ஸ்டாப் கடிதம் வரட்டும், கதிர பின்னாலயே வரும்."

ஆக, நின்றுகொண்டே புரோகிராம் எழுதினேன். மேசை உட்காருகிறவனுக்குச் செய்தது. எழுத்துப் பலகை என் தொடைக்கு நேராக இருந்தது. திரையைப் பார்க்கக் குனியவேண்டும், வேலைக்கு வந்தோரைக் குறிக்கும் கணக்கப்பிள்ளையின் கொப்பியைப் பார்க்க நிமிரவேண்டும். ஒரு வரிக்கு இரண்டு குனிவு. முழுநாள், அரைநாள், மேலதிகக் கொழுந்து, தீபாவளி முற்பணம் என்று சம்பளத்தில் பதினான்கு வகைக் கூட்டலும் கழித்தலும் இருந்தன. இடையில் தொழிற்சாலையில் ரோலர் போட்டால் ஆபீசில் லைட் மங்கும், திரை அணைந்துவிடும், எழுதியது போய்விடும். ரோலர் போடும் நேரம் எனக்குத் தெரியும் என்பதால் ஐந்து நிமிடம் முந்தி எழுதியதை டிஸ்க் தட்டில் பதிந்துகொள்வேன். இதைவிட எரிச்சல், மாதம் முதலாம் திகதி தவறாமல் களஞ்சியத்திலிருந்து எனக்கு ஒரு இறாத்தல் பஞ்சுக் கழிவும் அரைப் போத்தல் மண்ணெண்ணெயும் வந்தது. மெஷின் துடைக்க பிட்டருக்குரிய பங்காம். வேண்டாம் என்றால் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தது.

லயத்தில் எனக்கு 'நிக்கிற கிளாக்கர்' என்று பேர் விழுந்துவிட்டது. மனைவி ஒரு நாள் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஆறு கெழம கொழும்புல படிச்சது நிக்கிறதுக்காங்க? அத இங்கேயே சும்மா சொல்லிக் குடுத்திருப்பாங்களே."

ஒரு காலித் தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் உட்கார்ந்தேன். மூன்று நாள். நாலாம் நாள், பெட்டி தொழிற்சாலைக் கணக்கில் குறைகிறது என்று ஆள் வந்து தூக்கிப்போனான். துரையிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்; மேலிடத்துக்கு எழுதினார். கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஒரு உத்தியோகத் தரம் பட்டியலில் இல்லை, தீர்மானிக்கும் வரை அந்த ஆள் தொழிற்சாலைக் கணக்கிலேயே இருக்கட்டும் என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது.

செப்டம்பரில் பொறுமை போய்விட்டது. பதுளை பஜாரில் தளபாடமும் இரும்புச் சாமானும் விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் 285 ரூபாய்க்குப் பிரம்புக் கதிரை ஒன்று வாங்கினேன். தோட்டத்து பிட்டருக்குக் கதிரை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் கடைச் சாமான் இருப்பை அந்த மெஷினில் போட முடியுமா என்று மட்டும் கேட்டார். முடியும் என்றேன். பஸ்ஸில் கதிரைக்கு எட்டு ரூபாய் டிக்கெட். அதன்மேல் உட்காரக் கொண்டக்டர் விடவில்லை.

மறுநாள் பெரிய கிளாக்கர் ஆட்சேபிக்கவில்லை. ஆபீசுக்குள் இருக்கும் எந்தச் சாமானும் இருப்புப் புத்தகத்தில் ஏறவேண்டும் என்றார், அவ்வளவுதான். ஒரு ஆளைக் கூப்பிட்டு முதுகுப் பலகையில் வெள்ளைப் பெயின்டால் நம்பர் போடவைத்தார். எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. நம்பர் விழுந்த கதிரை. இனி யாரும் தூக்கமாட்டார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். நின்று எழுதியதில் இருந்த பிழைகளில் பாதி அந்த இரண்டு மாதத்தில் தீர்ந்தது.

நவம்பர் சம்பளம் முழுவதும் புரோகிராமில் வந்தது. ஐந்து கிளாக்கர்மார் ஒன்பது நாள் போடும் கணக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. ஒரு சதம் பிசகவில்லை. அதைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் ஜீப்பில் வந்தார். நான் எழும்பி வணக்கம் சொன்னேன். எழும்பிய அந்த இடைவெளியில் பெரிய கிளாக்கர் என் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தக் கட்டைய அமுக்கணும்?" என்று தலையைத் திருப்பாமல் கேட்டார். பின்னால் நின்று சொன்னேன். அவர் அமுக்கினார். தாள் வந்தது. வந்தவர் அவருக்குக் கைகொடுத்தார். இதை யார் செய்தது என்று மேலிடத்துப் பெரியவர் கேட்டபோது, "நம்ம ஆபீஸ்ல செஞ்சதுதாங்க சேர்" என்று பெரிய கிளாக்கரின் பதில் போனது. துரை வந்தவரைத் தேநீருக்கு உள் அறைக்கு அழைத்துப்போனார்.

ஜனவரியில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு ஸ்டாப் உத்தியோகம் வந்தது. ஸ்டாப் உத்தியோகம் என்பதால் ஸ்டாப்பில் உள்ளவருக்குத்தான் கொடுக்கலாம். இரண்டாம் கிளாக்கருக்குக் கொடுத்தார்கள். மெஷின் இப்போது ஒழுங்காக ஓடுவதால் பிட்டர் தொழிற்சாலைக்குத் திரும்பலாம் என்று எனக்குக் கடிதம்.

அடுத்த ஞாயிறு பதுளைக்குப் போய் அந்த முதலாளியைப் பார்த்தேன். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவரக் கொழும்பில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சம்பளம் பேசும் முன்பே, கடையில் கதிரை உண்டா என்று கேட்டுவிட்டேன். "நான் கதிர விக்கிற ஆளுங்க" என்றார். "புடிச்சதுல இருங்க. ஆனா ஒங்கட கதிரயயும் எடுத்துட்டு வாங்க. எதுக்கு அவங்களுக்கு விட்டுட்டு வாறீங்க?"

விட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி இல்லை. விலகும் நாளில் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தேன். வாசலில் பெரிய கிளாக்கர் இருப்புப் புத்தகத்துடன் நின்றார். கடைப் பற்றுச்சீட்டைக் காட்டினேன்.

"நீ வாங்கினது சரி. அத நான் இல்லேங்கலையே" என்றார். "புத்தகத்துல ஏறினா தோட்டத்துச் சாமான். தோட்டத்துச் சாமான் வெளியில போகணும்னா வெல கட்டணும்ல?"

கட்டினேன், புத்தகத்தில் இருந்த விலை, அதே 285. திருப்பிக் கொடுக்காத மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு இரண்டரை ரூபாய் வேறு பிடித்தார்கள். பதுளை வரை லொறிக் கூலி பதினைந்து. நான் உட்காருவதற்கு ஆன செலவு, பஸ் டிக்கெட்டையும் சேர்த்து, ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஐம்பது சதம்.