அடி கனமான பம்பர்

பாத்திரக் கடைக்காரிக்கு எதைப் பார்த்தாலும் கனம்தான் முதலில் கண்ணில் படும். புது அண்டா வந்தால் நான் பளபளப்பைப் பார்க்க மாட்டேன். விரலை மடக்கி அடியில் தட்டுவேன். 'டங்' என்று அதிர்ந்தால் மெல்லிசு, அடிப்பிடிக்கும், திருப்பி அனுப்பு. 'தொம்' என்று அடங்கினால் கனம், நம்மோடு கிடந்து உழைக்கும். பெண் பார்க்க வந்த அன்றே என் வீட்டுக்காரரையும் இப்படித் தட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று கேலி செய்வேன். "தட்டியிருந்தா மெல்லிசுன்னு திருப்பி அனுப்பியிருப்பே" என்பார். ஆள் அவ்வளவு ஒல்லி.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் எங்கள் கடை. கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றுக்கும் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறோம். கடை என் ராஜ்ஜியம், பிக்கப் வண்டி அவர் ராஜ்ஜியம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், "வெரசாப் போங்க, அங்குட்டு உலை வைக்க ஆளு காத்துக்கிட்டு இருக்காக" என்று விரட்டிக்கொண்டே வருவேன். அவர் காதில் வாங்க மாட்டார். ரோட்டோரம் நிற்கிற மாட்டைக்கூட நலம் விசாரித்துக்கொண்டு ஓட்டுகிற மனிதர். பெல்ட் மட்டும் போட மாட்டார். நெஞ்சைப் பிடிக்கிறதாம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், மானகிரியில் ஒரு விசேஷ வீட்டில் பாத்திரத்தை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வளைவில், சந்துக்குள்ளிருந்து ஒரு பால்காரர் மொபெட்டில் குறுக்கே வந்துவிட்டார். இவர் பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தும், பம்பரின் மூலை பால்காரர் இடுப்பில் இடித்துவிட்டது. பால்காரர் விழுந்தார், எழுந்தார், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எங்கள் வண்டி பள்ளத்தில் இறங்கியது. ஸ்டியரிங் நெஞ்சில் மோதி இவருக்குத் தோளோரம் காறை எலும்பு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குத் தொட்டில் கட்டிப் படுத்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. போய் வண்டியைப் பார்த்தேன். முன்பக்கத் தகரப் பம்பர் அப்பளம் மாதிரி மடங்கிக் கிடந்தது. தட்டிப் பார்க்கவே வேண்டாம். இப்படி ஒரு மெல்லிசை நம்பியா இந்த மனிதரைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எலும்பு கூடியது. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். இவர் ஓட்டவில்லை. நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, அமாவாசை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். காலையில் எழுந்து வண்டிக் கண்ணாடியைத் துடைப்பார், சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவார். ஆள் வைத்து ஓட்டினோம். அதுகூடப் பெரிதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர் பேச்சைக் குறைத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்களே, அதுதான் இது என்று நினைத்தேன். பூனைக்குப் பயம் தெளிய வேண்டுமானால் அடுப்பைச் சுற்றி வேலி போட வேண்டும். பெரிய பம்பராகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதற்கிடையில் அந்தப் பால்காரர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் ஒரு தூக்குவாளியில் பால். "அண்ணனுக்கு எலும்புக்கு நல்லதுக்கா" என்று வைத்துவிட்டு, இவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் உள்ளுக்குள் கடுப்பு. சந்திலிருந்து பார்த்து வந்திருந்தால் இவ்வளவும் உண்டா? ஆனாலும் பாலைக் காய்ச்சி இரண்டு பேருக்கும்தான் கொடுத்தேன்.

வெல்டிங் பட்டறைக்கு நானே போனேன். பட்டறைக்காரர் ஒரு பைப்பை எடுத்துக் காட்டினார். விரலை மடக்கித் தட்டினேன். டங்.

"இது வேண்டாம். கனமா வேணும்."

"அக்கா, இதுவே போதும். இப்பல்லாம் முன்னால இந்த மாதிரி இரும்புக் கார்டு மாட்டுனா போலீஸ்காரக புடிக்கிறாக."

"புடிச்சா நான் பேசிக்கிறேன். நீங்க கனமாப் போடுங்க."

அடுத்து ஒரு சேனல் இரும்பைக் காட்டினார். கட்டிடத்துக்குப் போடுகிற சாதி. தட்டினேன். தொம். அதைத்தான் போடச் சொன்னேன். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். அண்டாவுக்கு அடி கனம் வேண்டும் என்கிற என் சாஸ்திரத்தை வண்டிக்கும் சேர்த்துப் படித்துவிட்டேன்.

சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்து, திங்கட்கிழமை மாட்டினார்கள். பழைய தகரத்தைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, சேசிஸில் பட்டை வைத்து, முட்டுக் கொடுத்துத் தூக்கி, போல்ட் போட்டு முறுக்கினார்கள். கீழே சேனல், மேலே ஒரு தடித்த பைப். முடிந்து பார்த்தால் வண்டியின் முன்பக்கம் கும்பிடுவது போலத் தாழ்ந்திருந்தது. ஆயில் பார்க்க பானெட்டைத் திறந்தால் மேல் பைப்பில் இடித்துக்கொண்டு பாதிக்கு மேல் வரவில்லை. பட்டறைக்காரர் அந்தப் பைப்பை அறுத்துக் கொஞ்சம் முன்னால் தள்ளி ஒட்டவைத்தார். எனக்கு அதிலெல்லாம் குறையே தெரியவில்லை. போய்த் தட்டினேன். தொம் என்றது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கடை வாசலில் பூசை. பம்பருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இவரைக் குளிக்கச் சொல்லி, சட்டை மாற்றச் சொல்லி, சாவியைக் கையில் கொடுத்தேன். மறுப்பேதும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். எத்தனை நாளைக்கு அப்புறம் கேட்கிற சத்தம்! நான் சூடத்தட்டோடு முன்னால் வந்தேன்.

அப்போதுதான் பால்காரர் வந்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு, தூக்குவாளியோடு நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்றார். குள்ளமான மனிதர். மேல் பைப் அவர் நெஞ்சுக்கு வந்தது. கீழ்ச் சேனல் தொடைக்கு. கையால் தடவிப் பார்த்துச் சிரித்தார். "கோட்டைச் சுவரு கணக்கா இருக்குக்கா" என்றார்.

இன்ஜின் நின்றது.

இவர் இறங்கி வந்தார். பால்காரரின் தோளைப் பிடித்து, "அண்ணே, இங்குட்டு வாங்க" என்று வண்டிக்கு முன்னாலிருந்து நகர்த்தி, படியில் உட்காரவைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கி இந்தப் பம்பரு இருந்திருந்தா, இவரு எந்திரிச்சிருப்பாரா?"

தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"அந்தத் தகரம் மடங்குனதுனாலதான் இவரு இடுப்பு மடங்கல. ராத்திரி பகலா எனக்கு அதே நெனப்பு. எனக்கு அடிபட்டதுக்கா நான் பயந்தேன்? நீ அப்படியா நெனச்சே?"

அப்படித்தான் நினைத்தேன். கூடவே படுத்து, கூடவே எழுந்து, இவருக்கு என்ன பயம் என்பதைக் கேட்காமலே மருந்து வாங்கி வந்திருக்கிறேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை. சொல்லத் தெரியாமல், "அப்ப ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் என்ன செய்வேன்?" என்று கேட்டுவிட்டு, நடு வாசலில், பால்காரர் முன்னாலேயே அழுதேன்.

"ஒனக்காக பெல்ட்டு போடுறேன்" என்றார். "நெஞ்சைப் புடிச்சாலும் போடுறேன். இது மட்டும் வேணாம்."

அன்றைக்கே, கூலிக்கு ஓட்டுகிற ஆளை வைத்துப் பட்டறைக்குத் திரும்பப் போனோம். மாலையோடும் சந்தனத்தோடும் வந்த பம்பரைப் பார்த்துப் பட்டறைக்காரர் சிரித்தார். கழற்றிவிட்டு, பழைய தகரத்தை ஒடுக்கெடுத்து மாட்டினார். சேனலை வீணாக்க மனசில்லை. வெட்டிக் கால் வைத்து அடுப்பு ஸ்டாண்டாக அடித்துக் கொடுக்கச் சொன்னேன். எங்கள் கடையிலேயே பெரிய அண்டாவை ஏற்றினாலும் இம்மியும் அசைவதில்லை. கனம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்கு மானகிரியில் ஒரு கல்யாணம். இவர் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, நானும் மாட்டுகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். முதலில் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. போகப் போகப் பேச்சு வந்தது. அந்த வளைவில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டார். சந்து முனையில் மொபெட்டோடு பால்காரர் நின்றுகொண்டிருந்தார். இவர் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, மாட்டுக்குச் சுகமா, கன்றுக்குச் சுகமா என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.

மண்டபத்தில் உலை வைக்க ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். என் கைப்பேசி விடாமல் அடித்தது. வாய் நுனி வரை வந்த 'வெரசா'வை விழுங்கிக்கொண்டேன். காத்திருக்கட்டும்.