“செய்யவில்லை” என்று எழுதச் சொன்ன பிலோமினா

ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பிலோமினாவின் தம்பி அழைத்தார். “அக்கா, எங்க பிலோக்கா காலையில போயிட்டாங்க” என்றார். நான் ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. ஏழு மாதமாகப் புற்றுநோயோடு கிடந்தவள்தான். வரும் என்று தெரிந்த செய்திதான். இருந்தும் கைபேசியைப் பையில் வைக்கத் தெரியாமல் நெடுநேரம் நின்றேன்.

எங்கள் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் தாதிகளாக ஒன்றாக வேலை செய்தோம். என்னைவிட நான்கு வயது இளையவள். பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவரின் மகள். நோயாளிகளின் வீட்டாருக்கு அவள் ‘பிலோமினா மிஸ்’. எங்களுக்குள் ‘பயந்தாங்கொள்ளி’. அந்தப் பெயரை வைத்தவள் நான். ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், திடீரென்று இறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினாள். உடம்பு துடைப்பதற்காகத் தாழ்த்திய கட்டிலின் தலைமாட்டை மறுபடி உயர்த்தினோமா என்று அவளுக்குச் சந்தேகம். தலை தாழ்ந்தே கிடந்தால் வயிற்றில் இருப்பது நோயாளியின் நெஞ்சுக்குள் போய்விடும். உயர்த்தித்தான் இருந்தது. மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. “இல்லாம இருந்திருந்தா?” என்று மட்டும் கேட்டாள்.

டயகமவிலிருந்து வந்த பாக்கியத்தை, எங்களோடு அந்தப் பிரிவில் வேலை செய்த உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மலையில் கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்து, உடம்பெல்லாம் கொட்டு வாங்கி, மூச்சடைத்து வந்தவர். தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவருக்கு ஒன்று புரியவில்லை. வெளியே வந்த பிலோமினாவிடம் கேட்டார்:

“மூச்சு மெசின்தானே உடுது. வாய எதுக்குங்க மிஸ் இந்தத் தேய்ப்புத் தேய்க்கிறீங்க?”

“வாயில தேங்குற அழுக்கு அந்தக் கொழா ஓரமாவே நெஞ்சுக்குள்ள எறங்கிரும் அண்ணே. நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்தா மெசினாலயும் காப்பாத்த முடியாம போயிரும். அவங்களால இருமவும் முடியாது, துப்பவும் முடியாது. அவங்களுக்காக நாங்கதான் துப்புறோம்.”

சிறிய பிரஷ்ஷால் பல்லையும் ஈறையும் நாக்கையும் மெதுவாகத் தேய்ப்பாள். ஊறி வரும் நீரை உறிஞ்சு குழாயால் எடுப்பாள். கடைசியில் காய்ந்த உதட்டுக்கு ஈரம் வைப்பாள். பாக்கியம் வெற்றிலை போடுகிறவர் என்பதால் பல்லிடுக்கெல்லாம் கறை. அவருக்கு மட்டும் இருபது நிமிடம் பிடித்தது.

இனி எழுதப்போவதை அவள் உயிரோடு இருந்தவரை வெளியில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் வேலையில் இருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு புதிய நோயாளிகள் வந்தார்கள். பத்து மணிக்குப் பாக்கியத்தின் வாயைச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்கவில்லை. அட்டவணையில் மட்டும் ‘செய்தாயிற்று’ என்று சரி போட்டுவிட்டேன். மதியம் ஒரு மணிக்கு என்னிடமிருந்து வேலையை ஏற்க வந்த பிலோமினா, டோர்ச் அடித்து அவர் வாய்க்குள் பார்த்தாள்.

“அக்கா, பத்து மணிக்குச் செஞ்சீங்களா?”

“செஞ்சேனே.”

அவள் அட்டவணையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

இரண்டு நாளில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் ஏறியது. குழாயில் வந்த சளி மஞ்சளாக மாறியது. எக்ஸ்ரே படத்தில் வலது நெஞ்சின் அடியில் வெள்ளைப் படலம். “நிமோனியா” என்றார் டொக்டர். அந்தக் கணவர் என்னைக் கும்பிடும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்தேன். கடைசியில் துணி அடுக்கும் அறையில் பிலோமினாவைப் பிடித்து நிறுத்தினேன்.

“அன்னைக்கு நான் செய்யல பிலோ.”

“தெரியும்க்கா.”

“என்னாலதானா இது?”

பொய்யாக ஒரு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “தெரியாதுக்கா” என்றாள். “உங்களாலதான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஆனா செய்யலன்னா செய்யலன்னு எழுதுங்க. வெறும் கட்டத்தப் பாத்தா யாராவது ஓடியாந்து செய்வாங்க. செஞ்சாச்சுன்னு இருந்தா ஒருத்தரும் வர மாட்டாங்க.”

அவளே என்னோடு பிரிவுப் பொறுப்பாளரிடம் வந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். திட்டு விழுந்தது; எழுத்தில் எச்சரிக்கையும் வந்தது. வெளியே வந்ததும் “பயமா இருக்கு பிலோ” என்றேன். “எனக்கு எந்நாளும் இப்பிடித்தாங்க்கா இருக்கு” என்றாள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று அதன்பின் அவளை நான் அழைத்ததில்லை.

அடுத்த ஒரு வாரம் பாக்கியத்தின் மூச்சு எண்ணிக்கையைப் பார்த்தே நாங்கள் வாழ்ந்தோம். ஒருநாள் காய்ச்சல் இறங்கும், மறுநாள் ஏறும். பதின்மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவர் முதலில் கேட்டது, “வெத்தல இருக்குங்களா?” பிலோமினா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

போன மாதம் அவளை வீட்டில் போய்ப் பார்த்தேன். பேச்சு மெலிந்திருந்தது. “வார்டு எப்பிடிக்கா?” என்றாள். ஆள் பற்றாக்குறை என்றேன். “அப்ப யாராவது சரி போட்டுருவாங்க” என்று எழுந்து உட்காரப் பார்த்தாள். படுக்கவைக்கச் சிரமப்பட்டேன்.

அவளை அடக்கம் செய்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். நான்கு பேர் வென்டிலேட்டரில் இருந்தார்கள். மூன்று பேருக்குத்தான் நேரத்துக்குச் செய்ய முடிந்தது. நான்காவது கட்டத்தில் ‘செய்யவில்லை’ என்று எழுதி, அடுத்து வேலையை ஏற்க வந்த தாதியிடம் வாயாலும் சொன்னேன். அவர் உடனே கையைக் கழுவப் போனார். பிலோமினாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய பயம். அது என்னைவிட்டுப் போய்விடக் கூடாதே என்பதுதான் இப்போது என் பயம்.