சூடை என்று ஒரு குறிச்சொல்

வெயில் எரித்தாலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாதவர் எங்கள் துறைமுகப் பகுதி நூலகர். இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளின் இணைப்புகளை யாரும் சேர்க்கக்கூடிய பக்கமொன்றை நூலகத்துக்காக நடத்தினார். ஒவ்வொன்றுக்கும் தேட உதவும் குறிச்சொல் போடும்போது அதைச் செய்தி வாசிப்பவர்போல உரக்கச் சொல்வார்.

சூடை மீன் பற்றிய என் ஆய்வுக்குப் போதிய கட்டுரைகளைக் காட்டாவிட்டால் பல்கலைக்கழகம் தலைப்பை நிராகரித்துவிடும். அந்த மீன் பற்றி நூலகர் சேமித்திருந்த சில கட்டுரைகளும் ‘மேற்பரப்பு மீன்வளம்’ என்ற சொல்லின் கீழ் கிடந்தன. நான் அவற்றுக்குச் ‘சூடை’ என்றும் போட்டேன்.

“நூலகத்தில இப்பிடிச் சந்தைச் சொல்லுப் போட ஏலாது, பிள்ளை.”

“என்ர அப்பா பள்ளிக்கூடம் போகேல்லை, சேர். அவர் சூடைதான் பிடிக்கிறவர். மேற்பரப்பு மீன்வளம் அவற்ர வலையில ஒருநாளும் பட்டதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. “ஒரு கிழமை கிடக்கட்டும். ஒருத்தரும் தேடாட்டி அழிச்சுப்போடுவன்.”

அந்தக் கிழமைக்குள் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் அதே சொல்லின் கீழ் கட்டுரைகளைச் சேர்த்தார்கள். என் தலைப்பு ஏற்கப்பட்டது.

நூலகரிடம் சொல்லப் போனேன். அவர் வாழ்த்தவில்லை, கதிரையை இழுத்துப் போட்டார்.

“இருங்கோ பிள்ளை. அப்பா வேற என்னென்ன பிடிக்கிறவர்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ.”

வாதத்தில் தோற்ற ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறெங்கும் கண்டதில்லை.