கூவாமல் ஏறிய பாதை

என் சட்டைப் பைக்கு மேலே 'நேச்சுரலிஸ்ட்' என்று பச்சை நூலில் தைத்திருக்கும். சூரியநெல்லியில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னவே, காடு காட்டக் கிளம்பியாச்சா?" என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. பதினோரு வருடமாக ஒரு மழைக்காட்டு விடுதியில் வருகிறவர்களுக்குக் காடு காட்டுகிறேன். வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது.

சொல்லப்போனால் காட்டைப் பார்ப்பவன்கூட நான் இல்லை. விடுதியில் தடம் பார்க்க ஒருவன் இருந்தான். மேலே மலைக்குடியில் பிறந்தவன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அவன் முன்னால் நடப்பான். திடீரென்று நின்று கையைப் பின்னால் நீட்டுவான். எங்கே, என்ன என்று அவன் கண் போகும் திசையைப் பார்த்து நான் கண்டுபிடித்து, பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, என்னவோ நானே மோப்பம் பிடித்ததுபோல இங்கிலீஷில் எடுத்துவிடுவேன். எல்லாரும் எனக்குத்தான் நன்றி சொல்வார்கள். அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்பான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. என்னை "அண்ணே" என்று கூப்பிடுவான், அந்த வார்த்தையை மனதாரத்தான் சொன்னான்.

விடுதியில் மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு காலையும் காடு. மூன்றாம் நாள் அவன் பிறந்த குடிக்குப் போவது. அங்கே கேழ்வரகு அரைப்பதைப் பார்ப்பார்கள், மூங்கில் பின்னுவதைப் பார்ப்பார்கள், களி தின்று முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். குடிப் பெரியவர்கள் கூடிப் பேசித்தான் இதற்குச் சம்மதித்தார்கள். சம்மதம் வாங்கிக் கொடுத்தவன் அவன். முதல் தடவை என்னைக் கூட்டிப்போனபோது, ஏற்றத்துக்குக் கீழே பாதை வளையும் இடத்தில் ஒரு பெரிய பாறை அருகே நிறுத்தினான்.

"அண்ணே, யார வேணாலும் கூட்டிட்டு வாங்க. ஆனா இந்தப் பாறகிட்ட நின்னு ரெண்டு கூவல் போடணும். மேலருந்து ஒரு கூவல் வந்தா ஏறி வாங்க. வரலன்னா வந்த வழியே திரும்பிருங்க. இது ஒண்ணுதான்."

காரணத்தையும் சொன்னான். ஏறியதும் வலது பக்கம் ஓடைக் கரையில் ஒரு சின்ன வீடு தனியாக இருக்கும். மாதத்தில் விலகியிருக்க வேண்டிய நாட்களில் குடிப் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். அந்த நாட்களில் கட்டின புருஷன்கூட அவர்களைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பாதையோ அந்த வீட்டை ஒட்டித்தான் போகிறது. கூவல் கேட்டதும் அங்கே இருக்கிறவர்கள் எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விடுவார்கள். ஆட்கள் கடந்து போன பிறகுதான் முன்பக்கம் வருவார்கள். அவர்கள் வழக்கம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. கூவச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஏழு வருடம் ஒழுங்காகக் கூவினேன்.

எட்டாம் வருடம் வந்த ஒரு குழுவில் ஐந்து பேர். இரண்டு நாளும் மழை. அட்டைதான் கண்டோம். யானை போன வழியில் ஆறிப்போன சாணம் கிடந்தது, ஒரு மலையணில் கிளை தாண்டியது, இருவாச்சிப் பறவையின் சத்தம் மட்டும் மூடுபனிக்குள் கேட்டது. கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்த ஒருவர் நம்மூர்க்காரர்தான், சென்னையிலிருந்து வந்தவர். முந்தின வருடமும் வந்திருந்தார். "மத்த கைடு மாதிரி இல்லைங்க நீங்க, உங்களுக்கு ஒரு கண்ணு இருக்கு" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னவர். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்றாம் நாள் பாறையிடம் வந்து நின்றோம். தடம் பார்ப்பவன் விடியற்காலையிலேயே மேலே போய்விட்டான், எங்கள் வரவுக்கு ஏற்பாடு செய்ய. கேமராக்காரர் மூச்சு வாங்கியபடி, "போன தடவையும் பாத்தேன். நாம போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாரும் தயாராயிடறாங்க. வரிசையா நிக்கறாங்க. நிஜமா எப்படி இருப்பாங்கன்னு பாக்கவே முடியல" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூவாதே என்று அவர் சொல்லவில்லை. கூவுவது எதற்காக என்பதுகூட அவருக்குத் தெரியாது, ஏதோ மலைவாசிச் சடங்கு என்று நினைத்திருப்பார்.

நான்தான் சொன்னேன். "இன்னிக்குச் சத்தம் போடாம ஏறுவோம், வாங்க."

பழியை அவர் தலையில் கட்டப் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை. யானை காட்ட முடியாத கைடு வேறு எதையாவது காட்டிப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தான், அதுதான் நடந்தது.

ஏறினோம். வலது பக்கத்தில் அந்த வீட்டின் முன்னால் ஒரு பெண் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, ஈரத் தலையை விரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். கேமரா படபடவென்று அடித்தது. அவள் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். எழுந்து ஓட அவளுக்கு நேரமில்லை, நாங்கள் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம். தடம் பார்ப்பவனின் மனைவி அவள். அவன் வீட்டில் அவள் கையால் எத்தனையோ தடவை பால் ஊற்றாத கட்டன் சாயா குடித்திருக்கிறேன். நான் நிற்கவில்லை. "வாங்க, வாங்க, நேரா போங்க" என்று ஐந்து பேரையும் ஓட்டிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூணாறு பார்க்க வருகிறவர்கள் ரோட்டோரம் காரை நிறுத்தி, கொழுந்து கிள்ளும் எங்கள் அம்மாவைப் படம் எடுப்பார்கள். அம்மா தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, "இவனுகளுக்குப் பல்லக் காட்டணுமாக்கும்" என்று முணுமுணுப்பாள். அப்போதெல்லாம் எனக்குக் கல்லை எடுத்து எறியலாம் போல வரும். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

இரண்டு வாரத்தில் அந்தப் படம் விடுதியின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. கேமராக்காரர் அன்போடு அனுப்பிவைத்திருந்தார். அழகான படம். விரித்த கூந்தல், வெயில், நேராகப் பார்க்கும் கண்கள். நான் அதைப் பார்த்தும் நீக்கச் சொல்லவில்லை. சொன்னால் எப்படி எடுத்தீர்கள் என்ற கேள்வி வருமே. குடியில் இப்போது போன் இல்லாத ஆள் கிடையாது. படம் அங்கே போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை.

பெரியவர்கள் என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார்கள். மேனேஜர் படத்தை உடனே நீக்கிவிட்டு, "நீ போய் ஒரு சாரி சொல்லிட்டு வா. பிரஷ்னம் ஒந்நும் ஆக்கண்டா" என்று, பிரச்சினை ஆக்க வேண்டாம் என்பதை மலையாளத்திலும் மற்றதைத் தமிழிலுமாகச் சொல்லி அனுப்பினார். போகிற வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒத்திகை நன்றாகத்தான் இருந்தது.

குடியின் நடுவில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. மூத்தவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"கூவுனியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தடம் பார்ப்பவன் எழுந்தான். "கூவுனாரு. ரெண்டு தரம். எனக்குக் கேட்டுச்சு, நான்தான் பதில் கூவல் குடுத்தேன்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

மூத்தவரும் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

நான் தலையை ஆட்டினேன்.

மூத்தவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அப்போ அந்தப் புள்ள கேட்டுட்டும் எந்திரிக்காம உக்காந்திருக்கா" என்றார்.

அந்த வார்த்தை எங்கே போய் விழுகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. புரிந்தது. அந்த நொடியே புரிந்தது. 'இல்லை, நான் கூவவில்லை' என்று சொல்ல இரண்டு மூச்சு நேரம் போதும். அந்த வட்டத்தில் யாரும் என்னை அடித்திருக்கப் போவதில்லை. அதிகம் போனால் இனி இந்தப் பக்கம் வராதே என்றிருப்பார்கள், விடுதியில் என் சீட்டுக் கிழிந்திருக்கும். நான் தரையில் ஊர்ந்த ஒரு எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் மறு அமாவாசை வரை அந்தச் சின்ன வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முடிவானது. அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தையை நாத்தனார் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. நான் முறையாகக் கூவி வந்தவன் அல்லவா, எனக்கு மோரும் கொடுத்து அனுப்பினார்கள். கேமரா மட்டும் இனி கூடாது என்றார்கள். அடுத்த வாரமே வேறு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாறையருகே நின்று இரண்டுக்குப் பதில் நாலு தடவை, தொண்டை கிழியக் கூவினேன். ஓடைக் கரையைக் கடக்கும்போது அந்த வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அவளாகத்தான் இருக்கும். நான் நடையை எட்டிப்போட்டேன்.

தடம் பார்ப்பவன் கொஞ்ச நாளில் விடுதி வேலையை விட்டுவிட்டு ஏலக்காட்டு வேலைக்குப் போனான். என்னிடம் சண்டை போடவில்லை. பார்த்தால் சிரிப்பான். நானும் சிரிப்பேன். என்ன மனுஷன் நான் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும், ஆனாலும் சிரித்து வைப்பேன்.

போன வருடம் மழை விட்ட ஒரு மதியம் சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். ரேஷன் அரிசி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜீப்புக்காக உட்கார்ந்திருந்தாள். மகள் இப்போது வளர்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தும் முகத்தைத் திருப்பவில்லை. எனக்குத்தான் எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நல்லா இருக்கியாம்மா?" என்றேன். கேட்க வேறு என்ன இருக்கிறது!

"இருக்கேண்ணே" என்றாள். பிறகு சாதாரணமாக, விலைவாசியைப் பற்றிப் பேசுவது போலவே சொன்னாள். "எனக்குக் காது நல்லாக் கேக்கும்ணே. அன்னைக்குக் கூவல் வரல."

ஜீப் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"அவரு கூட்டத்துல ஏன் அப்படிச் சொன்னாருன்னு நான் அப்புறமா கேட்டேன். அண்ணனுக்கு ரெண்டு புள்ளைக, இந்த வேல போனா வேற வேல தெரியாதுன்னாரு. தான் அப்படிச் சொன்னாலும் அண்ணன் சும்மா இருக்க மாட்டாரு, எந்திரிச்சு இல்லன்னு சொல்லிருவாருன்னு நெனச்சாராம். உங்களயே பாத்துட்டு நின்னாராம்."

அவன் என்னைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. 'எப்படிக் காப்பாற்றினேன் பார்' என்று பார்த்ததாக அத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் கண் கலங்கிவிட்டது. வெட்கங்கெட்ட கண்.

"இன்னைக்கே மேல வர்றேம்மா. பெரியவர்கிட்ட நானே சொல்லிர்றேன். நீ கேட்டும் எந்திரிக்கலங்கிற பேரு உனக்கு இருக்க வேண்டாம்" என்றேன். அந்தக் கணத்தில் நிஜமாகவே சொன்னேன்.

அவள் மூட்டையை மடிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "வேணாண்ணே. இப்பப் போயிச் சொன்னீங்கன்னா கூட்டத்துல பொய் சொன்னவருன்னு அவருக்கு ஆயிரும். அப்புறம் எங்க குடியில ஒரு நல்லது கெட்டதுக்கு அவர உக்கார வைக்க மாட்டாக. இவளுக்கு நாளைக்கு ஒரு காரியம்னா யாரு வந்து நிப்பா? எம்பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். நீங்க இனிமே ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும்."

ஜீப் வந்தது. மூட்டையைத் தூக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவளே தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, மகளை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். ஜீப் வளைவு திரும்பும் வரை அங்கேயே நின்றேன். பார்த்தவர்கள் யாரோ சொந்தக்காரியை வழியனுப்புகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னதும் என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது.