கருணைக்கு ஒரு தனி ஃபோல்டர்

பத்மஜாவுக்குச் சோறு போடுவது ஸ்பானிஷ் மொழி. கரமனை அக்ரகாரத்திலிருந்து காலையில் பஸ் பிடித்துக் கழக்கூட்டம் போகிறாள். அங்கே ஒரு அலுவலகத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, கடல்களுக்கு அப்பால் வாழும் நோயாளிகளின் கடிதங்களைப் படிக்கிறாள். காப்பீட்டு நிறுவனம் சிகிச்சைக்கு அனுமதி மறுத்திருக்கும். அவர்கள் மறுபடியும் கேட்டு எழுதியிருப்பார்கள். அந்தக் கடிதங்களை இனம் பிரிப்பது அவள் வேலை.

அவற்றில் அடிக்கடி வரும் சொல் 'மிசெரிகோர்தியா'. கருணை என்று பொருள். துன்பப்படுகிறவனைக் கண்டு இளகும் நெஞ்சு என்பது அதன் லத்தீன் வேரின் பொருள். தேவாலயத்தில் கடவுளிடம் கேட்கும் சொல். அதிகாரத்தின் காலில் விழுகிறவர்களும் அதையே சொல்வார்கள். சமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் அதைக் கேட்பதில்லை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் பத்மஜா அழகாக விளக்குவாள். கூடவே, தான் வகுத்த விதியையும் சொல்வாள். ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கும் கடிதம் மறுபரிசீலனைக்குப் போகும். மிசெரிகோர்தியா என்று கெஞ்சும் கடிதம் தனி ஃபோல்டருக்குப் போகும். வருத்தம் தெரிவித்து ஒரு பதில், அதோடு சரி. உரிமை இருப்பவன் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்பது அவள் தர்க்கம். இந்த விதிக்காக அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

ஜெபமலர் அந்த மாடியைக் கூட்டித் துடைப்பவள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து காண்டிராக்டில் வந்தவள். துப்புரவு வேலை செய்கிறவர்கள் அலுவலக நாற்காலியில் உட்காரக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒரு மதியம் அவள் கால் வீங்கி நொண்டுவதைப் பத்மஜா பார்த்தாள்.

"செத்த உக்காந்துக்கோ. யாரு கேக்கப்போறா?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஜெபமலர் உட்கார்ந்த நேரம், மேலாளர் ஹரிகுமார் அந்த வழியாக வந்தார். பத்மஜா கணினித் திரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் ஜெபமலருக்கு மெமோ வந்தது. பணி நேரத்தில் நாற்காலியில் ஓய்வெடுத்ததற்கு இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"இங்கிலீஷ்ல எழுதித் தாங்க மேடம். நடந்தத அப்படியே எழுதுனா போதும்."

"எதிர்த்து எழுதினா ஹரிகுமார் சாருக்குப் பிடிக்காது, கேட்டியா. மன்னிப்புக் கேட்டு எழுதறேன். விட்டுடுவா."

"உக்காந்ததுக்கு மன்னிப்பா?"

"ஒரு வார்த்தைதானே."

தவறை உணர்கிறேன், கருணை காட்டுங்கள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினாள். அதில் வீங்கிய கால் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டவளும் இல்லை. ஜெபமலர் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. தவறை ஒப்புக்கொண்டதால், வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது.

பத்மஜா ஹரிகுமாரிடம் ஓடினாள்.

"அவங்களே எழுதித் தந்ததல்லே? காரணம் வல்லதும் ஒண்ணு காட்டியிருந்தா விசாரிச்சிருப்பேன். தப்புன்னு சம்மதிச்ச ஆளை இனி எந்து செய்யான்?" மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "உங்க ரூலும் அதுதானே பத்மஜா?"

உட்காரச் சொன்னது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜெபமலர் வாளியருகே நின்று துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"காலு வீங்குனத எழுதுனீங்களா மேடம்?"

"இல்ல."

"நீங்க உக்காரச் சொன்னது?"

பத்மஜா தலையசைத்தாள், இல்லை என்று.

"அப்ப அது எனக்காக எழுதுன கடுதாசி இல்ல. உங்களுக்காக எழுதிக்கிட்டது." ஜெபமலர் குரலை உயர்த்தவில்லை. துணியை இன்னொரு தடவை பிழிந்தாள்.

பத்மஜா இருக்கைக்குப் போய் வேறொரு கடிதம் எழுதினாள். முதல் வரி: நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னவள் நான். கீழே தன் பெயர், தன் ஊழியர் எண். அச்செடுத்து வந்து தமிழில் படித்துக் காட்டினாள். கடைசி வரியில், கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று பழக்கத்தில் வந்திருந்தது.

"அத வெட்டுங்க," என்றாள் ஜெபமலர்.

வெட்டினாள். இருவரும் ஹரிகுமாரின் அறைக்கு நடந்தார்கள், ஜெபமலரின் காலுக்கு ஏற்ற வேகத்தில்.

"உட்காருங்க," என்றார் ஹரிகுமார், பத்மஜாவிடம் மட்டும்.

பத்மஜா அந்த நாற்காலியை ஜெபமலர் பக்கம் இழுத்துப் போட்டாள். இந்த முறை அவர் பார்க்கும்படி.